ஆன்ஷூட்ஸ் 1907: ட்ரிகரை லேசாக்கப் போய் இப்போது காக் ஆகாமல் நிற்கிறது

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். நான் கோவை. மூன்று வருடம் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டுவிட்டு இப்போதுதான் 50 மீட்டருக்கு வந்திருக்கிறேன். சுடுவதை நிறுத்திவிட்ட ஒருவரிடமிருந்து, உரிமத்தில் முறைப்படி ஏற்றி, பழைய ஆன்ஷூட்ஸ் 1907 (1907 என்பது மாடல் எண்) ரைஃபிள் ஒன்று வாங்கினேன். பாயிண்ட் 22, 54 ஆக்‌ஷன், டூ ஸ்டேஜ் (இரண்டு கட்டமாக இழுபடுகிற) ட்ரிகர். குழலில் ஒரு குறையும் இல்லை.

ட்ரிகர்தான் பிரச்சினை. ஏர் ரைஃபிளில் முதல் ஸ்டேஜ் வழுக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிற்கும், அதற்கு மேல் நினைத்தாலே உடையும், அதாவது சுடும். இதில் முதல் ஸ்டேஜே மணலில் சைக்கிள் தள்ளுகிற மாதிரி வருகிறது. எங்கே நிற்கிறது என்றே விரலுக்குத் தெரிவதில்லை. கோச் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு "கனமா இருக்கு, லேசாக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து ட்ரிகர் பெட்டியில் தெரிந்த மூன்று ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சம் திருகினேன். எதை எவ்வளவு என்று குறித்து வைக்கவில்லை, திட்டுங்கள். லேசாகிவிட்டது. ஆனால் இப்போது பத்து தடவை போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கிற தாழை) மூடினால் இரண்டு தடவை காக் ஆவதில்லை, அதாவது சுடத் தயாராக இறுகி நிற்பதில்லை, சும்மா மூடிக்கொள்கிறது. 50 கிராமுக்குக் கொண்டுவர எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருக வேண்டும்?

ஆறாம் லேன் எழுதியது:

தம்பி, கிராம் கணக்கை அப்புறம் பேசுவோம். முதலில் தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். இந்த ட்ரிகர் சரியாகும்வரை அந்தப் பெட்டி திறக்கக் கூடாது.

"சும்மா மூடிக்கொள்கிறது" என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்துகிற கொக்கியான ஸியர் பிடிக்காததால், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கிற ஊசி) போல்ட்டோடு சேர்ந்தே இறங்குகிறது என்று அதற்கு அர்த்தம். பெரும்பாலான தடவை மெதுவாக இறங்கி ஒன்றும் ஆகாது. ஆனால் ஸியர் நுனியில் ஒரு நொடி தொற்றி நின்றுவிட்டு, போல்ட் முழுதாக மூடின பிறகு வழுக்கினால்? உங்கள் கை இன்னும் போல்ட் பிடியில் இருக்கும், குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கே ரவுண்டு போகும். ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கிற மருந்து விளிம்பைச் சுற்றியே இருக்கிறது. அதை நசுக்கப் பெரிய அடி தேவையில்லை.

மூன்று கேள்வி. ஒன்று, போல்ட் காக் ஆகிற எட்டு தடவையில் இரண்டு ஸ்டேஜ் தனித்தனியாகத் தெரிகிறதா, அல்லது ஒரே இழுப்பில் போய்விடுகிறதா? இரண்டு, ட்ரிகரை விட்டதும் அது தானே முன்னால் துள்ளி வருகிறதா, சோம்பலாக வருகிறதா? மூன்று, இந்த ட்ரிகர் பெட்டிக்குள் கடைசியாக எப்போது, எந்த எண்ணெய் போட்டார்கள் என்று விற்றவருக்குத் தெரியுமா?

நொய்யல்கரை எழுதியது:

பெட்டியைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன் அண்ணா.

ஒன்று: ஒரே இழுப்பில் போகிறது. இரண்டு: சோம்பல்தான், முழங்கால் வலிக்காரர் எழுந்திருப்பது மாதிரி. மூன்று: விற்றவரிடம் போனில் கேட்டேன். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் துரு பிடிக்காமல் இருக்க ஸ்ப்ரே அடிப்பாராம். எங்கே என்று கேட்டேன். "எல்லா ஓட்டையிலும்" என்றார்.

ஆறாம் லேன் எழுதியது:

பாதிப் பதில் அந்த "எல்லா ஓட்டையிலும்" என்பதிலேயே வந்துவிட்டது. மீதியைச் சொல்வதற்கு முன், ட்ரிகருக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளின் நாக்கு நிலைச்சட்டத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஒரு விஷயம். தாழ்ப்பாளை நகர்த்த எவ்வளவு பலம் வேண்டும் என்பது இன்னொரு விஷயம். இரண்டும் வேறு வேறு. நாக்கு ஒரு அங்குலம் உள்ளே போயிருந்தால், எண்ணெய் விட்டு வழுவழுவென்று வைத்திருந்தாலும் ஒரு அங்குலம் இழுத்தே தீர வேண்டும். நூல் அளவுதான் போயிருக்கிறது என்றால், தாழ்ப்பாள் எத்தனை இறுக்கமாக இருந்தாலும் கதவை முட்டினால் திறந்துவிடும்.

ட்ரிகரில் நாக்கின் ஆழத்தைத்தான் ஸியர் என்கேஜ்மென்ட் என்கிறோம். பலத்தைத் தருவது ஸ்ப்ரிங். "கனமாக இருக்கிறது" என்று பத்துப் பேர் சொன்னால் அதில் ஆறு பேர் ஆழத்தைத்தான் கனம் என்கிறார்கள். விரல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, எப்போது உடையும் என்று தெரியவில்லை, மனது கனத்துப் போகிறது.

டூ ஸ்டேஜ் ட்ரிகரில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ஓய்வில் நாக்கு நல்ல ஆழத்தில் இருக்கும், அதனால் பாதுகாப்பு. முதல் ஸ்டேஜில் விரல் வரும்போது அந்த ஆழத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். அப்புறம் ஒரு சுவர். அங்கே இரண்டாவது தடுப்பு வந்து முட்டுகிறது, நாக்கு இன்னும் ஒரு துளி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துளிதான் இரண்டாம் ஸ்டேஜ்.

நீங்கள் திருகினதில் என்ன ஆகியிருக்கும் என்றால், ஆழத்துக்கான ஸ்க்ரூ அளவுக்கு மேல் திரும்பி, ஓய்விலேயே அந்தத் துளி மட்டும்தான் மிச்சம். அதனால்தான் சுவர் காணாமல் போனது, அதனால்தான் பத்துக்கு இரண்டு தடவை பிடிக்கவில்லை. அதோடு ஸ்ப்ரிங்கையும் தளர்த்தியிருக்கிறீர்கள். உள்ளே பழைய எண்ணெய் பசை மாதிரி காய்ந்து கிடக்கிறது. தளர்ந்த ஸ்ப்ரிங்கால் அந்தப் பசையை மீறி லீவரைத் திரும்பத் தள்ள முடியவில்லை. லீவர் வீடு வந்து சேர்வதற்குள் போல்ட் மூடிவிடுகிறது.

வெறும் ஸ்ப்ரிங்கைக் கூட்டினாலே இந்தக் கோளாறு மறைந்த மாதிரி தெரியும். அதை நம்பிவிடாதீர்கள்.

பழைய கேடட் எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் என்.சி.சி.யில் பாயிண்ட் 22 சுட்டவன். அந்த ட்ரிகரை இழுக்கிற பலத்தில் மாட்டு வண்டியை நகர்த்தலாம். அதிலேயே ஐந்து ரவுண்டையும் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள் போட்டவர்கள் இருந்தார்கள். சுபேதார் ஒரே வார்த்தைதான் சொல்வார்: இழுக்காதே, அழுத்து. 100 கிராம், 50 கிராம் எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

ஆறாம் லேன் எழுதியது:

சார், 25 மீட்டரில் படுத்துக்கொண்டு டீ கிளாஸ் அளவுக் கூட்டம் என்பது வேறு கணக்கு. 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுடுகிற நொடியில் முன் சைட் ஒரு தலைமுடி கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் டார்கெட்டில் 6 மில்லிமீட்டர் நகரும். நடுப் பத்து ஓரப் பத்தாகிவிடும்.

ஐந்து கிலோ துப்பாக்கியில் ஒன்றரை கிலோ ட்ரிகரை இழுக்கும்போது, அந்த விசை சட்டென்று விடுபடுகிற கணத்தில் துப்பாக்கி அசையாமல் இருக்க உங்கள் சுபேதாரின் வார்த்தை ரொம்பவே வேலை செய்ய வேண்டும். 100 கிராமில் அந்த வேலை குறைவு. தோட்டா குழலை விட்டு வெளியே போக ஆயிரத்தில் மூன்று பங்கு நொடி ஆகும், அதற்கு முன்னால் ஸ்ட்ரைக்கர் விழுகிற நேரம் வேறு. அதுவரை துப்பாக்கி அசையக் கூடாது.

ஆனால் "அழுத்து" என்பதை நான் எதிர்க்கவே இல்லை. அது 100 கிராமிலும் வேண்டும்.

பனிமூட்டம் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோ. ஸியர் பிடிக்காத கதையை வாசிச்சதும் வயிற்றைக் கலக்கிவிட்டது, ஏனெண்டால் அந்த மடத்தனத்தை நானும் செய்திருக்கிறன்.

என்னிடம் இருப்பது சி.இஸட் 452. உங்களது போல மேட்ச் ட்ரிகர் இல்லை. ஒரு ஸ்ப்ரிங், ஒரு நட், அவ்வளவுதான். நட்டைத் தளர்த்தினால் லேசாகும், ஒரு எல்லைக்கு மேல் ஆகாது. அப்ப ஒரு நண்பர் "பேனா ஸ்ப்ரிங்கைப் போடு" எண்டார். பால்பாயிண்ட் பேனாவில் இருக்கும் அதே ஸ்ப்ரிங்தான். வெட்டிப் போட்டேன். அற்புதம். ஊதினால் உடையும் போல இருந்தது. இரண்டு கிழமை எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

பிறகு கிளப்பில் ஒரு வயதானவர் "வெறும் துப்பாக்கியைக் காக் செய்து தா" எண்டு வாங்கி, தோளில் வைக்கிற கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் அரை அடி உயரத்திலிருந்து தட்டினார். டிக். ஸ்ட்ரைக்கர் விழுந்துவிட்டது. திரும்பவும் காக் செய்து போல்ட்டைக் கொஞ்சம் பலமாக மூடினார். டிக். ஒண்டும் பேசாமல் துப்பாக்கியை என் கையில் திருப்பித் தந்துவிட்டுப் போனார். அந்த மனிதர் திட்டியிருந்தால் கூட இவ்வளவு வெட்கமாக இருந்திராது.

அன்றிரவே பழைய ஸ்ப்ரிங்கைப் போட்டு நட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்தினேன். ட்ரிகர் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்ததற்கு இரண்டு பக்கமும் மெல்லிய வாஷர் வைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஆட்டம் நின்றதில்தான் பாதிக் கனம் குறைந்த மாதிரி இருந்தது. எடை கிட்டத்தட்ட அதேதான்.

மைக்ரோமீட்டர் எழுதியது:

நான் துப்பாக்கி ஆள் இல்லை, பீளமேட்டில் டூல் ரூம் வைத்திருக்கிறேன். மகள் சுடுகிறாள், அதனால் இங்கே வாசிப்பேன். ஒரு சந்தேகம். ஸியரின் இரண்டு முகத்தையும் நைஸ் எமரித்தாளில் தேய்த்து மெருகு போட்டால் கரகரப்பு போகாதா? என்னிடம் ஆயில் ஸ்டோன் வகைவகையாக இருக்கிறது.

ஆறாம் லேன் எழுதியது:

ஐயா, உங்கள் கையில் கல் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வேண்டாம். நீங்களே யோசித்துப் பாருங்கள்: பல ட்ரிகர்களில் அந்தப் பாகம் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு. தோலைத் தேய்த்துவிட்டால் உள்ளே மென்மையான உலோகம். முதல் மாதம் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆறாவது மாதம் விளிம்பு மழுங்கிவிடும், ஒரு நாள் தானாக வழுக்கும்.

இன்னொன்று கோணம். இரண்டு முகமும் சேர்கிற கோணம் ஒரு பக்கம் ஒரு டிகிரி சாய்ந்தால் ஸ்ட்ரைக்கரின் அழுத்தமே ஸியரை உள்ளே இழுத்துப் பிடிக்கும், மறுபக்கம் சாய்ந்தால் அதே அழுத்தம் ஸியரை வெளியே தள்ளும். கையில் எமரித்தாளை வைத்துத் தேய்த்தால் விளிம்பு உருளாமல் இருக்காது.

மைக்ரோமீட்டர் எழுதியது:

புரிந்தது. கேஸ் ஹார்டனிங் என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உடனே கல்லைக் கீழே வைத்திருப்பேன். அந்தத் தோல் சில பாகங்களில் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. ஜிக் இல்லாமல் தொடுகிற வேலை இல்லை.

ஜூரி நாற்காலி எழுதியது:

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆவது பிரிவு: துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் உரிமம் வேண்டும். தயாரிப்பாளரே வெளியில் ஸ்க்ரூ வைத்து, "இந்த எல்லைக்குள் திருகிக்கொள்" என்று கையேட்டில் எழுதியிருப்பதைத் திருகுவது, சைட்டைத் திருகுகிற மாதிரி. கல்லைப் போட்டுத் தேய்ப்பதும் பாகத்தை வெட்டுவதும் அப்படி இல்லை. அதற்கு உரிமம் உள்ள ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) இருக்கிறார்.

போட்டி விதியைப் பொறுத்தவரை தம்பிக்கு நல்ல செய்தி. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) விதியில் 50 மீட்டர் ரைஃபிளுக்குக் குறைந்தபட்ச ட்ரிகர் எடை கிடையாது. 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு 1500 கிராம். பிஸ்டலில் ஏர் பிஸ்டலுக்கு 500, 25 மீட்டருக்கு 1000. அந்தப் போட்டிகளில் துப்பாக்கியைச் சோதிக்கிற மேஜைகளில் எடைக்கல்லைத் தூக்க முடியாமல் ட்ரிகர் விழுந்து, கண்கலங்கிப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. அதனால்தான் 50 மீட்டர்க்காரர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகிறது.

பனிமூட்டம் எழுதியது:

அமெரிக்காவில் சி.எம்.பி. எண்ட அமைப்பு நடத்துகிற ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டியில் ட்ரிகர் குறைந்தது மூன்று பவுண்டு இருக்க வேணும், துப்பாக்கி ஏழரைப் பவுண்டைத் தாண்டக் கூடாது. மூன்று பவுண்டு எண்டால் 1360 கிராம். அதிலும் ஆட்கள் நல்லாய்ச் சுடுகினம். பழைய கேடட் ஐயாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

ஆறாம் லேன் எழுதியது:

சரி, வேலைக்கு வருவோம். வரிசையாகச் செய்யுங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

அறையில் தோட்டா இல்லை, சேம்பர் (குழலில் தோட்டா உட்காருகிற இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டையைக் கழற்றுங்கள். ட்ரிகர் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். லைட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோல் இருக்கிறதே, அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கீழே வடியவிடுங்கள். காற்றோட்டமான இடம், பக்கத்தில் விளக்கோ அடுப்போ கூடாது. வடிவது தெளிவாக வரும்வரை. துரு ஸ்ப்ரேயை மறுபடி அடிக்காதீர்கள், அது காய்ந்துதான் இந்தக் கோலம். உலர்ந்த பிறகு ஸியருக்கு எண்ணெய் வேண்டுமா என்றால், நான் ஒன்றும் போடுவதில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் ஊசி நுனியில் ஒரு துளி. நம் ஊர்த் தூசிக்கு ஈரமான ட்ரிகர் என்பது ஈ ஒட்டுகிற காகிதம்.

அப்புறம் கையேட்டுப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு எந்த ஸ்க்ரூ எது என்று பாருங்கள். நான் எண் சொல்ல மாட்டேன். ஒரே தயாரிப்பாளரின் ட்ரிகர்களிலேயே மாடலுக்கு மாடல் எண் மாறும், இங்கே சொன்னதை நம்பி யாராவது வேறு துப்பாக்கியில் திருகிவிடுவார்கள்.

முதலில் ஓவர்டிராவல் ஸ்டாப்பை (உடைந்த பிறகு ட்ரிகர் மேலும் பின்னால் போகாமல் தடுக்கிற ஸ்க்ரூவை) நன்றாகப் பின்வாங்கிவிடுங்கள், அது குறுக்கே நின்றால் மற்ற எதையும் சரியாக அறிய முடியாது. ஆழத்தைக் கூட்டுங்கள். சுவருக்குப் பிறகும் விரல் ஊர்கிறது என்று தெளிவாகத் தெரிகிற அளவுக்குக் கூட்டுங்கள். இப்போது துப்பாக்கி பாதுகாப்பானது, ஆனால் சுட லாயக்கில்லை. அங்கிருந்து கால்வாசிச் சுற்று, அப்புறம் அதில் பாதி என்று குறையுங்கள். ஊர்வது நின்று கண்ணாடிக் குச்சி மாதிரி உடைகிற இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் நிற்காமல், ஒரு மயிரிழை திரும்ப ஆழத்தின் பக்கம் வந்து நில்லுங்கள். குளிரும் சூடும் தூசியும் மாறும்போது அந்த மயிரிழைதான் காப்பாற்றும். எடை ஸ்க்ரூ அதற்கு அப்புறம்தான். ஸ்டாப் எல்லாவற்றுக்கும் கடைசி: ட்ரிகர் விழாமல் போகும்வரை உள்ளே திருகி, திரும்ப விழுகிற இடத்துக்கு வந்து, மேலும் கால் சுற்று பின்னால்.

ஒவ்வொரு திருகலுக்கும் நோட்டில் ஒரு வரி. இந்தத் தடவையாவது.

நொய்யல்கரை எழுதியது:

எடையை எப்படி அளப்பது அண்ணா? கேஜ் விலையைப் பார்த்தேன், ஒரு பெட்டி நல்ல தோட்டாவை விட்டுக்கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆறாம் லேன் எழுதியது:

தண்ணீர் பாட்டில். ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம். காலி பாட்டிலை மூடியோடும் நூலோடும் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். காலித் துப்பாக்கியைக் காக் செய்து, குழல் மேலே பார்க்கச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரின் நடுவில், விரல் தொடுகிற இடத்தில் நூலை மாட்டுங்கள். மருந்துக்கடை சிரிஞ்சால் தண்ணீரை விட்டுக்கொண்டே வாருங்கள். முதல் ஸ்டேஜ் நகர்ந்து சுவரில் நிற்பதும் தெரியும், உடைவதும் தெரியும். ஒரு தடவை அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பத்து தடவை.

டிரை ஃபயர் செய்யும்போது, அதாவது தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுக்கும்போது, சேம்பரில் எதையாவது வையுங்கள். சில ரிம்ஃபயர்களில் அடிக்கிற ஊசி நேரே சேம்பர் விளிம்பில் போய் அடித்துப் பள்ளம் போட்டுவிடும். பனிமூட்டம் அண்ணன் ஊரில் சுவரில் ஸ்க்ரூ போடுகிற மஞ்சள் பிளாஸ்டிக் ப்ளக்கை வைப்பார்கள், இங்கே ஹார்டுவேர் கடையில் அந்த அளவு கிடைத்தால் அதுவும் சரி. சுட்டுப்போட்ட காலிக் கூட்டைத் திருப்பித் திருப்பி வைப்பவர்களும் உண்டு.

நொய்யல்கரை எழுதியது:

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். அலுவலக வேலை.

சுத்தம் செய்வதற்கு முன்னாலேயே ஒரு அளவு எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் ஆழத்தை மட்டும் கூட்டி, காக் ஆவதை உறுதி செய்துகொண்டு, எடை ஸ்க்ரூவையும் பழைய தழும்பு தெரிந்த இடத்துக்குத் திருப்பி, பாட்டிலைத் தொங்கவிட்டேன். பத்து தடவையில் குறைந்தது 185 கிராம், அதிகம் 240. ஒரே ட்ரிகர், ஒரே பாட்டில், 55 கிராம் வித்தியாசம்!

அப்புறம் லைட்டர் பெட்ரோல். முதலில் வந்தது டீ டிகாக்‌ஷன் நிறம். நடுவில் கறுப்பாகத் துணுக்குத் துணுக்காக வந்தது, அதில் ஒன்று எறும்பின் கால் மாதிரி இருந்தது, சத்தியமாக எறும்பின் கால்தான். ஒரு மணி நேரம் ஆனது.

உலர்ந்த பிறகு, ஒரு ஸ்க்ரூவும் தொடாமல் மறுபடி பாட்டில். 150, 152, 155, 151… பத்தும் 150-க்கும் 155-க்கும் நடுவில். 60 கிராம் குறைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், எண்கள் சொன்ன இடத்தில் நிற்கின்றன. கரகரப்பு போயே போச்சு. கோச் "கனம்" என்று சொன்னது கனமே இல்லை அண்ணா.

பத்துக்குப்பத்து எழுதியது:

அருமை. இப்போது 40 கிராமுக்கு இறக்குங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நினைத்தவுடன் போக வேண்டும், விரலுக்கு வேலையே இருக்கக் கூடாது.

ஆறாம் லேன் எழுதியது:

உங்களுக்கு எத்தனை வருடப் பழக்கம் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கு 40 சரியாகவே இருக்கலாம். இந்தத் தம்பிக்கு இல்லை. படுத்துச் சுடும்போது விரல் அமைதியாக இருக்கும். முட்டி போட்டும் நின்றும் சுடும்போது நாடித் துடிப்பே விரலில் வந்து நிற்கும். சுவரில் விரலை வைத்துக் காத்திருக்க முடியாத ட்ரிகர் எனக்கு ட்ரிகரே இல்லை. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை முதல் ஸ்டேஜில் வைத்தால் விரல் ட்ரிகரில் இருக்கிறது என்ற உணர்வு இருக்கும், கடைசித் துளி மட்டும் லேசாக உடையும். 100-ஐ ஒட்டி ஆரம்பிக்கட்டும்.

பத்துக்குப்பத்து எழுதியது:

பயந்து பயந்து சுட்டால் 600-க்கு 580 தாண்டாது அண்ணே. அவ்வளவுதான் சொல்வேன்.

ஜூரி நாற்காலி எழுதியது:

வாக்குவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விட்டுப்போனது. எந்த எடையாக இருந்தாலும் ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் முன் காலித் துப்பாக்கியில் இதைச் செய்யுங்கள்: காக் செய்து, கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள், ரப்பர் சுத்தியலால் ஆக்‌ஷனின் நான்கு பக்கமும் தட்டுங்கள், போல்ட்டை முரட்டுத்தனமாக இருபது தடவை மூடுங்கள். சேஃப்டி இருந்தால் அதைப் போட்டு ட்ரிகரை அழுத்தி, விட்டு, சேஃப்டியை எடுங்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஸ்ட்ரைக்கர் விழுந்தாலும் திரும்ப ஆழத்துக்குப் போக வேண்டும். கட்டையை மாட்டின பிறகும் இதே சோதனை, ஏனென்றால் கட்டையின் ஸ்க்ரூவை இறுக்கும்போது ஏதாவது உரசலாம்.

மைக்ரோமீட்டர் எழுதியது:

ஸ்க்ரூ அதிர்ச்சியில் கழன்று வராதா? எங்கள் ஷாப்பில் லாக்கிங் திரவம் சொட்டு விடுவோம்.

பனிமூட்டம் எழுதியது:

ஐயா, அதில் மட்டும் கவனம். ரெமிங்டன் 2014 ஏப்ரலில் மாடல் 700, மாடல் செவன் துப்பாக்கிகளை எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகருக்காகத் திரும்ப அழைத்தது நினைவிருக்கும். 2006 மேயிலிருந்து செய்தவை எல்லாம். காரணம் என்ன எண்டால், தயாரிக்கும்போது உள்ளே போட்ட ஒட்டும் திரவம் கூடிப்போனது. தானாக வெடிக்கும் சாத்தியம் இருக்கு எண்டு அவையே அறிவித்தவை. தொழிற்சாலையிலேயே அப்படி ஆகுமெண்டால், நாங்கள் மேசையில் வைத்து ஊற்றினால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஆட்கள் ஸ்க்ரூத் தலையின் வெளி விளிம்பில் நகப்பூச்சு ஒரு புள்ளி வைப்பினம். உள்ளே வழியாது, ஸ்க்ரூ நகர்ந்தால் புள்ளி வெடித்துக் காட்டிக்கொடுக்கும்.

நொய்யல்கரை எழுதியது:

கடைசி நிலவரம்.

முதலில் 110-இல் வைத்தேன்: முதல் ஸ்டேஜ் 75, உடைவது 110. தட்டல் சோதனை எல்லாம் கட்டை இல்லாமலும் கட்டையோடும் பாஸ். அப்பாவிடமிருந்து சாவி வாங்கினேன். சனிக்கிழமை ரேஞ்சில் படுத்துச் சுட்ட முதல் பத்து எனக்கே நம்பிக்கை வராத அளவுக்கு வந்தது. இத்தனை நாள் காற்று, காற்று என்று சைட்டைத் திருகிக்கொண்டிருந்ததில் பாதி காற்று இல்லை என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அப்புறம் மனசு கேட்கவில்லை. பத்துக்குப்பத்து அண்ணன் சொன்னதில் பாதியாவது போய்ப் பார்ப்போம் என்று 70-க்கு இறக்கினேன். சோதனைகளை மறுபடி செய்தேன், எல்லாம் பாஸ். படுத்து நன்றாகவே இருந்தது. முட்டி போட்டேன். மூச்சை விட்டு, சைட் கறுப்புக்கு மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே, விரலை இப்போதுதான் வைத்தேன், டப். பன்னிரண்டு மணித் திசையில் 3. பக்கத்து லேன்காரர் ஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். துப்பாக்கிமேல் குற்றமில்லை, என் விரல்தான். அன்றே 110.

கோச் இன்று தொட்டுப் பார்த்தார். "இப்பதான் லேசா இருக்கு. எவ்வளவு குறைச்சே?" என்றார். நோட்டைக் காட்டினேன். எறும்புக் கால் வரி வரைக்கும் படித்தார்.

பத்துக்குப்பத்து எழுதியது:

3 எல்லாருக்கும் ஒரு நாள் வரும் தம்பி. ஆறு மாதம் கழித்து 90 பாருங்கள்.

ஆறாம் லேன் எழுதியது:

அதற்கு நானும் தலையாட்டுகிறேன். ஆனால் விரல் வைக்கிற இடத்தை முதலில் பாருங்கள். ட்ரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்த முடியும், நகர்த்தி, விரல் நுனியின் சதைப் பகுதி ட்ரிகருக்கு நேராக வந்து, இழுப்பு குழலுக்கு நேர்க்கோட்டில் பின்னால் வருமாறு வையுங்கள். ஏர் ரைஃபிளில் இருந்த பிடியின் தூரத்தை அளந்து அதையே இங்கே கொண்டுவந்தாலும் போதும்.

பழைய கேடட் எழுதியது:

அழுத்து என்று நான் அப்போதே சொன்னேன்.

நொய்யல்கரை எழுதியது:

பிளேடை நான்கு மில்லிமீட்டர் முன்னால் தள்ளியிருக்கிறேன், ஏர் ரைஃபிளோடு ஒத்துப்போகிறது. ஸ்க்ரூக்களுக்கு நகப்பூச்சுப் புள்ளியும் வைத்தாயிற்று. சிவப்பு. தங்கையின் பாட்டில், கேட்காமல் எடுத்தேன். இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள்.